டீச்சரின் வண்டிக்குப் போட்ட கிரீஸ்

விசாரணைக்காகச் சாப்பாட்டுக் கூடத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். நீள மேசையின் தலைமாட்டில் மேலாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் மின்விசிறி ஓடியதால் பேப்பர்கள் பறக்காமலிருக்க உப்புக் குடுவையை அவற்றின் மேல் வைத்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் தலைமை நர்ஸ். இடப்பக்கம், கதவை ஒட்டி, டீச்சரின் மகன். மழைக்கோட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் நாற்காலிக்கு அடியில் குளம் கட்டியிருந்தது. மேசையின் கால்மாட்டில், முதியவர்களுக்கு ஊட்டிவிடும்போது உட்காருகிற குட்டை ஸ்டூலில் பணிப்பெண் ரேடியோ. நல்ல நாற்காலிகள் எத்தனையோ காலியாகக் கிடந்தன. பழக்க தோஷம், நேரே அதில் போய் உட்கார்ந்துவிட்டாள். மேசைக்கு மேலே அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. ஜன்னலோரத்தில், மடியில் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, அண்ணி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம், தாழ்வாரத்து பெஞ்சில், இன்னொருவரும் இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பெஞ்சின் கால் ஆடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ என்பது அந்த முதியோர் இல்லத்துப் பணிப்பெண்ணுக்கு ஊரார் வைத்த பெயர். வாயை மூடமாட்டாள். ஒருவரைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் பக்கத்து அறைக்காரரின் மருமகள் சமாசாரம் வரைக்கும் சொல்லி முடித்திருப்பாள். சலவை அறையில் வேலை பார்ப்பவள் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. ரேடியோ "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இல்லத்தில் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைவிட மூத்தவரான மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அந்த அண்ணன். லாரிப் பட்டறை வைத்திருந்தவர். நினைவு தேய ஆரம்பித்த பிறகு, மனைவி வேலை பார்க்கும் இடம் என்பதால் இங்கேயே ஒரு கட்டில் கிடைத்தது. எல்லோருக்கும் அவர் மெக்கானிக்.

"டீச்சரோட சக்கர நாற்காலியைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி சக்கரத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் மேலாளர்.

"பார்த்தேன் மேடம்."

"எப்படிப் பார்த்தீங்க?"

"கண்ணாலதான் மேடம்."

வேறொரு நாளாக இருந்தால் தலைமை நர்ஸாவது சிரித்திருப்பார்.

"சரிவுல இறங்குறப்ப வேகமா போனீங்களா?"

ரேடியோ உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா ஆயுசு பூரா நின்னுக்கிட்டே பாடம் எடுத்தவங்க," என்றார் டீச்சரின் மகன். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அண்ணிக்கு. "இனிமே உட்காரவும் முடியாதுங்கிறாரு டாக்டர். இடுப்பு எலும்பு அப்படி உடைஞ்சிருக்கு. யாரையாவது வேலையை விட்டுத் தூக்கினா எனக்கு என்ன கிடைக்கப் போகுது? அந்தச் சக்கரம் எப்படிக் கழண்டுச்சுன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும். அம்மா கண்ணைத் திறந்தா அதைத்தான் கேக்குறாங்க. 'நான் ஏதும் ஆடினேனாடா'ங்கிறாங்க."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அண்ணி, உங்க ரூம் ஜன்னல்லேர்ந்து அந்தச் சரிவு தெரியும் இல்ல?"

"விழுந்த சத்தம் கேட்டுத்தான் மேடம் எட்டிப் பார்த்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"துண்டு மடிச்சுக்கிட்டிருந்தேன்."

இரண்டுமே உண்மைதான்.

"வெள்ளிக்கிழமை துணி மூட்டை எடுக்க வர்ற வேன்ல தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போகுது," என்று உப்புக் குடுவையை எடுத்தார் மேலாளர். "வேற யாருக்காவது சொல்ல ஏதாவது இருந்தா எழுதி ஒட்டிக் குடுங்க. இல்லேன்னா கவனக்குறைவுன்னுதான் நான் எழுதணும். எழுதினா, இந்த வேலைக்கு இவங்களை வேற எந்த இல்லத்துலயும் எடுக்கமாட்டாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. என்ன பண்றது சொல்லுங்க."

சலவை அறை கட்டடத்தின் பின்பக்கம், கொதிகலனை ஒட்டி இருந்தது. மழைக்காலத்தில் அங்கே சுவர்கூட வியர்க்கும். முதியவர்களின் துணியில் அழுக்கைவிட எண்ணெய்ப்பசைதான் அதிகம். மூட்டுக்குத் தேய்க்கிற தைலம், படுக்கைப் புண் வராமலிருக்கப் பூசுகிற களிம்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய், கை நடுங்கிச் சிந்திய சூப். தைலம் ஓரத்தில் கண்ணாடி மாதிரி தெரியும். களிம்பு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். தலையணை உறையைப் பார்த்தே, யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறவர் என்று அண்ணி சொல்லிவிடுவாள்.

எந்தப் பசையானாலும் அவள் முதலில் தேய்க்கமாட்டாள். கரண்டியின் முதுகால் வழித்தெடுப்பாள். மேலே சாக்பீஸ் பொடியைத் தூவி, அது எண்ணெயைக் குடிக்கிற வரைக்கும் விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பாள். பிறகு துணியைக் குப்புறப் போட்டு, அடியில் பழந்துணி கொடுத்து, பாத்திரம் கழுவுகிற திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் விட்டு, விரல் நுனியால் தட்டித் தட்டிக் கறையை வந்த வழியே திருப்பி அனுப்புவாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நிழல்கூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் வெந்நீர். அவசரப்பட்டு உலர்த்தியில் போட்டுச் சூடு காட்டினால் கறை துணிக்கே சொந்தமாகிவிடும். உலர்ந்து வந்த துண்டுகளையும் சூட்டோடு அடுக்கமாட்டாள். மிச்சமிருக்கிற எண்ணெய் மடிப்புக்குள்ளே புழுங்கிப் புழுங்கி, வெளியே தெரியாமல் கருக ஆரம்பிக்கும்.

இதெல்லாம் அவள் பயிற்சியில் படித்ததல்ல. பட்டறைக்காரனைக் கட்டிக்கொண்டு, அவருடைய காக்கி உடுப்போடு மல்லுக்கட்டிக் கற்றது.

இங்கே வந்த புதிதில் மெக்கானிக் கழிவறைக் குழாயைக் கழற்றிப் பிரித்துப் போட்டுவிட்டார். தாழ்வாரம் முழுக்க வெள்ளம். மேலாளர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "அண்ணி, உங்க முகத்துக்காக விடுறேன். இன்னொரு தரம் எதையாவது கழட்டினார்னா, பூட்டி வைக்கிற விடுதிக்குத்தான் அனுப்பணும்." அந்த விடுதி வேறு ஊரில் இருந்தது. போக ஒரு நாள் பாடு. போனாலும் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

பிற்பகல்களில் அவர் சலவை அறைக்கு வந்து, துண்டு மடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சலவைக்காரம்மா, உங்களுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லையா?" என்று மரியாதையாக விசாரிப்பார். பட்டறை நாட்களில் அவளை அவர் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார். "முதலாளி, தொழிலாளிக்குப் பசிக்குது, சோறு போடுறியா?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். கட்டிக்கொண்ட மனுஷன் நீங்க, வாங்க என்று பேசுவதைக் கேட்க முடியாமல் அவள் இயந்திரத்தின் சத்தத்துக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கொதிகலனுக்குப் பின்னால், இயந்திரம் பழுது பார்க்க வந்த ஆள் மறந்துவிட்டுப் போன கிரீஸ் டப்பா ஒன்று இருந்தது. ஒருநாள் அதை அவர் எப்படியோ கண்டுபிடித்து, விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்து, "என்ன முதலாளி, டீ வருமா வராதா?" என்றார்.

அவள் கையிலிருந்த துண்டு நழுவிவிட்டது.

அன்றிலிருந்து டப்பாவை அவள் ஒளித்து வைக்கவில்லை. கதவுக் கீல், தள்ளுவண்டி, கட்டில் சக்கரம் என்று அவர் கை போன இடமெல்லாம் கிரீஸும் போயிற்று. சட்டையிலும் விரிப்பிலும் கறுப்புத் தீற்றல்கள். தலைமை நர்ஸ் சுற்றி வருவதற்குள் அத்தனையையும் வெளுத்து, மடித்து, அலமாரியில் ஏற்றிவிடுவாள் அண்ணி. விரிப்புகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. மெக்கானிக் சாதுவாகிவிட்டார் என்று மேலாளரே ஒருமுறை பாராட்டினார்.

டீச்சர்தான் அவரிடம் சகஜமாகப் பேசுவார். "மெக்கானிக் சார், என் வண்டி கத்துது. வகுப்புல பேசுற பிள்ளையாட்டம் வாயே மூடமாட்டேங்குது. காதைப் பிடிச்சுத் திருகிட்டுப் போங்க." அதற்கு மறுநாளோ என்னவோ, வண்டி சத்தம் நின்றது. மெக்கானிக் பெயரை மட்டும் விட்டுவிட்டு, டீச்சர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். 

அந்த வாரம்தான், துவைக்கப் போடுமுன் பைகளைத் தடவிப் பார்த்தபோது, மெக்கானிக்கின் சட்டைப் பையில் ஒரு ஸ்பிலிட் பின் கிடைத்தது. சக்கரத்து நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கிவிடுகிற சின்னக் கம்பி. ஒருமுறை மடக்கியதை நிமிர்த்தினால் அதற்குப் பலம் போய்விடும். பழையதைத் திரும்பப் போடவே கூடாது என்பது அவருடைய பட்டறைச் சட்டம். கழற்றியதைப் பையில் போட்டுக்கொண்டு, புதியதைச் செருகிவிட்டுத்தான் வண்டியை விடுவார். அவள் சமையலறைச் சுவர்ப் பிறையில் அந்தக் காலத்தில் பழைய பின்கள் குவிந்து கிடக்கும். பையில் பழைய பின் இருந்தால், எங்கேயோ ஒரு லாரி பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"புதுசு போட்டாச்சா?" என்று கேட்டாள், அந்தக் காலத்தில் கேட்கிற மாதிரியே.

"போடாம விடுவேனா முதலாளி?" என்றார்.

பொத்தான்களும் கொண்டை ஊசிகளும் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவில் அதையும் போட்டு மூடினாள். அன்று முழுக்க அவள் முகம் பூத்திருந்தது. புதுப் பின்னுக்கு அவர் எங்கே போவார் என்று அவள் யோசிக்கவே இல்லை. டீச்சர் விழுந்த சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடி, புல்லில் தனியாகச் சாய்ந்து கிடந்த சக்கரத்தைப் பார்த்த பிறகுதான் யோசித்தாள்.

ரேடியோவும் அண்ணியும் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. ரேடியோ வீட்டிலும் பேச்சை நிறுத்தாதவள். இப்போது தண்ணீர் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

விசாரணை முடிந்து வந்த மாலை, அண்ணி கஞ்சி காய்ச்சித் தட்டை நீட்டினாள். ரேடியோ கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எதையோ தள்ளுகிற மாதிரி மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இப்படித்தான் அண்ணி பிடிச்சிருந்தேன். சரிவு வந்ததும் இழுத்துத்தான் பிடிச்சேன். இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சேனோ?"

"கஞ்சி ஆறுது."

"பேசிக்கிட்டே போனேன் அண்ணி. அந்தச் சமையல்காரர் மக கல்யாணக் கதையைச் சொல்லிக்கிட்டே போனேன். டீச்சர் சிரிச்சாங்க. அவங்க சிரிக்கிறாங்கன்னு நான் குனிஞ்சு முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கிட்டே தள்ளினேன். என் வாய்தான் அண்ணி. என் வாய்தான் அவங்களைக் கீழே போட்டுச்சு."

"அப்படியெல்லாம் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ துண்டு மடிச்சுக்கிட்டிருந்தே."

அண்ணி தட்டைக் கீழே வைத்தாள். வேலை போவதைப் பற்றி ரேடியோ ஒரு வார்த்தை புலம்பியிருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு நாள் சொல்லாமல் தள்ளியிருப்பாளோ என்னவோ.

"உங்கண்ணன் கழட்டின சக்கரம் அது," என்றாள். "கிரீஸ் போட்டுட்டு நட்டை முடுக்கினாரு. பின்னைப் போடலை. பின்னு என்கிட்ட இருக்கு."

ரேடியோவின் கைகள் அந்தரத்திலேயே நின்றன.

"எப்பலேர்ந்து?"

"விழுறதுக்கு முன்னாடியே."

"முன்னாடியேவா?"

"புதுசு போட்டிருப்பாருன்னு நினைச்சேன். அவரு என்னிக்கு மறந்தாரு, நீயே சொல்லு?"

"அவனுக்கு என் பேரே மறந்துபோச்சு அண்ணி!" ரேடியோ எழுந்துவிட்டாள். "என்னை நர்ஸம்மாங்கிறான். சாப்பிட்டதை மறந்துட்டுத் தட்டைத் தேடுறான். அவன் பின்னு போட மறக்கமாட்டான்னு நீ நம்பினியா? ரெண்டு பேரும் ஒரே அறையிலதானே படுக்கிறோம்? நான் சாமத்துல எழுந்து உட்கார்ந்து சக்கரம் தள்ளிக்கிட்டிருந்தேனே, பார்த்துக்கிட்டுத்தானே படுத்திருந்தே?"

"பார்த்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

"கல் நெஞ்சுக்காரி."

மழை கூரைத் தகரத்தில் சீராக விழுந்துகொண்டிருந்தது. ரேடியோ ஜன்னலோரம் போய் நின்றாள். திரும்பி வந்து கட்டிலில் சரிந்தாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வாய் விட்டு, குழந்தை மாதிரி அழுதாள். அழுகைக்கு நடுவே, "அப்ப நான் இல்ல... நான் சாயலை..." என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். ஆறிப்போன கஞ்சியை எடுத்து, ஆடையை ஒதுக்கிவிட்டுக் குடிக்க ஆரம்பித்தாள்.

"உப்பே இல்ல," என்றாள்.

"மறந்துட்டேன்."

"குடும்பமே மறக்குது." இன்னொரு வாய் குடித்துவிட்டு, "எழுதாத அண்ணி. எனக்குத் தெரிஞ்சா போதும். நான் வீட்டு வேலை பார்த்துப் பிழைச்சுக்குவேன். அங்க கொண்டுபோய்ப் பூட்டினா அவன் செத்துடுவான். நீயும்தான்."

"டீச்சர் 'நான் ஏதும் ஆடினேனா'ன்னு கேக்குறாங்களாம்."

ரேடியோ தட்டைக் கழுவ எழுந்தாள்.

டீச்சர் விழுந்த நாளிலேயே கிரீஸ் டப்பாவை அண்ணி அலமாரியின் உச்சிக்கு ஏற்றிவிட்டிருந்தாள். அப்போதிலிருந்து மெக்கானிக் மறுபடியும் அவளைச் சலவைக்காரம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் சுத்தமாகவே வந்தது, வெளுக்க ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை காலை, ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை இறக்கி, அவர் மடியில் வைத்தாள்.

"இந்த உலர்த்திக் கதவு கத்துது. என்னன்னு பாருங்களேன்."

அவர் கதவைத் திறந்து மூடினார். காதைக் கீலருகே வைத்துக் கேட்டார். விரல் டப்பாவுக்குள் போயிற்று. அவள் இஸ்திரி மேசையில் காகிதத்தை விரித்து எழுத ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் எழுதியதற்குப் பிறகு, ஊருக்குப் போடும் கடிதம் தவிர அவள் எதுவும் எழுதியதில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று போட்டாள். தலைமை அலுவலகத்தில் இருப்பது அம்மாவோ ஐயாவோ என்று தெரியாமல் 'அம்மா' என்பதையும் பக்கத்தில் சேர்த்தாள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினாள். டப்பாவை எடுத்து வைக்காதது தான்தான் என்றும், கறைகளை யார் கண்ணிலும் படாமல் எடுத்தது தான்தான் என்றும், நாத்தனார் வண்டியை ஒழுங்காகத்தான் தள்ளினாள் என்றும் எழுதினாள். டீச்சர் ஆடவில்லை, இதை அவருடைய மகனிடம் தயவுசெய்து சொல்லிவிடவும் என்று எழுதியபோது எழுத்து கோணிக்கொண்டது. கணவரை எங்கே அனுப்பினாலும், அவர் கைக்குக் கழற்றி மாட்ட ஏதாவது ஒன்று, யாருக்கும் கெடுதல் செய்யாத பழைய பூட்டோ எதுவோ, கொடுத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பிஸ்கட் டப்பாவைத் துழாவிப் பின்னை எடுத்து, கடிதத்தோடு தபால் உறைக்குள் போட்டாள்.

"முதலாளி, அது பழசு," என்றது குரல் பின்னாலிருந்து.

அவள் திரும்பாமலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பழசைத் திரும்பப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? தூக்கிப் போடு."

"இதுக்கு ஒருத்தர் கணக்குக் கேக்குறாருங்க."

"யாரு, லாரிக்காரனா? புதுசு போட்டாச்சுன்னு சொல்லு."

"சொல்றேன்."

அவர் வந்து மேசை பக்கத்தில் நின்றார். உலர்த்திக் கதவு சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. உறையின் வாயில் அவள் பசை தடவினாள். உள்ளே கம்பி புடைத்துக்கொண்டு நின்றதால் ஓரம் படியாமல் எழும்பியது. "தள்ளு," என்று உறையைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலை வைத்து ஓரம் நெடுக அழுத்தி நீவினார். வேலை தெரிந்த கை. ஒட்டிக்கொண்டது.

"டீ வருமா முதலாளி?"

"வரும். உட்காருங்க."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. டிரைவர் வெளியே வெளுக்கப் போகிற அழுக்குக் கம்பளி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டே, "என்ன அண்ணி, இன்னிக்கு மூட்டை கனம் குறைச்சலா இருக்கு, எல்லாரும் சுத்தமாயிட்டாங்களா?" என்று கேட்டார். அவள் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளிச்சத்தில்தான் கவனித்தாள், ஒட்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை, ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரியும்படி. காகிதத்தில் பட்ட கிரீஸுக்கும் அவளுக்கு வைத்தியம் தெரியும். சாக்பீஸ் பொடி தூவி, மேலும் கீழும் பழந்துணி வைத்து, லேசாக அழுத்தினால் பாதிக்கு மேல் வந்துவிடும். கை தானாக ஏப்ரன் பைக்குள் போய்ச் சாக்பீஸ் பொடிப் பொட்டலத்தைத் தொட்டது.

"தலைமை அலுவலகத்துக்குத்தானே? குடுங்க," என்று டிரைவர் கையை நீட்டினார். "என்ன அண்ணி, லெட்டர்ல அழுக்குப் பட்டிருக்கே, நீங்களா இப்படி?"

"இருக்கட்டும்," என்று உறையை அவர் கையில் கொடுத்தாள்.